நிறுவனங்களின் படிவங்கள்: எந்தக் கட்டம், யாருக்காக, எதற்காக?

ஒரு மென்பொருளின் விலையை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரிடம், அதை விற்கும் நிறுவனத்தின் இணையதளம் அவருடைய பதவி என்ன, அவர் வேலை பார்க்கும் இடத்தில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள், வாங்குவது என்று முடிவெடுப்பவர் யார் என்றெல்லாம் கேட்கிறது. அதே நபர் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால், பணம் எந்த வழியில் வருகிறது என்பதையும் அரசியல் பதவி ஏதும் வகிக்கிறாரா என்பதையும் எழுதித் தரச் சொல்கிறார்கள். பொருள் ஒன்றை வாங்கி முடித்த பிறகு வரும் இன்னொரு படிவமோ பெயரைக்கூடக் கேட்காமல், 0 முதல் 10 வரை ஓர் எண்ணைத் தொட்டால் போதும் என்கிறது. மூன்றும் படிவங்கள்தான். ஆனால் முதலாவது தேவைக்கு மேல் துருவுவதாகத் தோன்றுகிறது, இரண்டாவது விசாரணைபோல இருக்கிறது, மூன்றாவது ஏதோ பேருக்குக் கேட்பதுபோல் படுகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுமுனையில் ஒரு வாசகர் இருக்கிறார். அவர் விற்பனைப் பிரிவாக, கணக்குப் பிரிவாக, கிடங்காக, தணிக்கையாளராக, அரசின் ஒழுங்குமுறை அமைப்பாக, அல்லது மனிதரே இல்லாத ஒரு கணினி நிரலாக இருக்கலாம். வாசகர் யாரென்று பிடிபட்டுவிட்டால், கேள்வி ஏன் கேட்கப்படுகிறது, ஏன் அந்த வடிவில் கேட்கப்படுகிறது என்பவை பெரும்பாலும் விளங்கிவிடும். வாசகரே இல்லாத கட்டங்களும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

படிவம் என்றால் என்ன?

கடிதம் எழுதுபவர் தாம் சொல்ல விரும்புவதைச் சொல்கிறார். படிவத்தை நிரப்புபவர், கேட்பவருக்கு வேண்டியதை, கேட்பவர் வகுத்த வரிசையில், அவர் ஒதுக்கிய இடத்துக்குள் சொல்கிறார். காகிதமானாலும் திரையானாலும் எந்தப் படிவத்திலும் நான்கு உறுப்புகள் இருக்கும்.

1. கேள்வி அல்லது தலைப்பு: "பிறந்த தேதி" என்பதுபோல.
2. விடைக்கான இடம்: வெற்றுக் கோடு, கட்டம், டிக் செய்யும் பெட்டி, பட்டியல். இணையப் படிவங்களில் இதைப் புலம் என்றும் சொல்வார்கள்.
3. விதி: கட்டாயமா விருப்பமா, எத்தனை எழுத்து, எண் மட்டுமா, இரண்டில் ஒன்றா பலவா.
4. சேருமிடம்: நிரப்பிய விடை எந்த மேசைக்கு, எந்தப் பதிவேட்டுக்கு, எந்தத் தரவுத்தளத்துக்குப் போகிறது என்பது.

முதல் மூன்றும் நிரப்புபவரின் கண்ணுக்குத் தெரியும். நான்காவது பெரும்பாலும் தெரியாது. ஆனால் மற்ற மூன்றையும் தீர்மானிப்பது அதுதான்.

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஹெர்மன் ஹாலரித் வடிவமைத்த இயந்திரம் துளையிட்ட அட்டைகளைத்தான் வாசிக்கும் என்பதால், ஆளுக்கு ஓர் அட்டை என்று வைத்து, விடை ஒவ்வொன்றையும் முன்கூட்டியே இடம் குறிக்கப்பட்ட ஒரு துளையாக மாற்ற வேண்டியிருந்தது. இயந்திரம் வாசிக்க முடியாத விடைக்கு அட்டையில் இடமே கிடையாது. பிறகு 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதும் வழக்கம் அந்த நெருக்கடியில் வேரூன்றியது. 1999ஆம் ஆண்டு முடியும்போது கணினிகள் 2000த்தை 1900 என்று எடுத்துக்கொண்டுவிடுமோ என்று உலகமே பதறியதற்கு, கட்டத்தின் அகலத்தைக் குறைத்த அந்தப் பழைய சிக்கனமும் ஒரு காரணம்.

காகிதப் படிவங்களின் காலத்தில் வாசகர் யார் என்பது தாளின் நிறத்திலேயே தெரிந்தது. கார்பன் தாள் வைக்காமலே அடியிலுள்ள தாள்களிலும் எழுத்து பதியும் காகிதத்தை என்சிஆர் நிறுவனம் 1954இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, மூன்று நான்கு வண்ணங்களில் அடுக்கிய ரசீதுப் புத்தகங்கள் எங்கும் பரவின. வெள்ளைத் தாள் வாடிக்கையாளருக்கு, மஞ்சள் கணக்குப் பிரிவுக்கு, இளஞ்சிவப்பு கிடங்குக்கு என்று நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு முறை இருக்கும். எந்தத் தகவல் யாரிடம் போகிறது என்பதைத் தாளைக் கிழிக்கும்போதே நேரில் பார்க்கலாம். திரைப் படிவத்தில் எல்லாத் தாள்களும் "சமர்ப்பி" என்ற ஒரே பொத்தானுக்குப் பின்னால் போய்விட்டன.

வகைகளைப் பயனை வைத்தே பிரிக்க வேண்டும்

காகிதப் படிவம், இணையப் படிவம், கைபேசிப் படிவம் என்று ஊடகத்தை வைத்துப் பிரிப்பது எளிது. ஆனால் அதனால் பெரிதாக ஒன்றும் விளங்காது. நிறுவனம் அந்த விடையை வைத்து அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை வைத்துப் பிரித்தால்தான் கேள்விகளின் தன்மை புரியும்.

1. விசாரணைப் படிவங்கள். "எங்களைத் தொடர்புகொள்ள", "விலைப்பட்டியல் பெற", "இலவச அறிக்கையைத் தரவிறக்க" என்ற பெயர்களில் வருபவை. இவற்றின் வாசகர் விற்பனைப் பிரிவு. அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த நபருக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேச ஓர் ஊழியரின் நேரத்தைச் செலவிடலாமா? அதனால்தான் பதவியும் ஊழியர் எண்ணிக்கையும் கேட்கப்படுகின்றன. பல நிறுவனங்களில் இந்த விடைகளுக்கு மென்பொருளே மதிப்பெண் போடுகிறது. மேலாளர் என்றால் கூடுதல் புள்ளி, மாணவர் என்றால் குறைவு, நிறுவன மின்னஞ்சல் முகவரி என்றால் கூடுதல், இலவச மின்னஞ்சல் முகவரி என்றால் குறைவு. குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியவருக்கு அழைப்பு போகும்; தாண்டாதவருக்குத் தானியங்கி மின்னஞ்சல்கள் போகும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டால் ஆள் ஓடிவிடுவார் என்று தெரிந்த நிறுவனங்கள் முதல் வருகையில் மின்னஞ்சலையும், இரண்டாவது வருகையில் பதவியையும், மூன்றாவதில் தொலைபேசி எண்ணையும் கேட்டுத் துண்டு துண்டாகச் சேர்க்கின்றன.

2. ஆர்டர் மற்றும் கட்டணப் படிவங்கள். இவற்றின் வாசகர்கள் கிடங்கும் கணக்குப் பிரிவும் பணப் பரிமாற்ற நிறுவனமும். ஒரு இலக்கம் தவறினாலும் பொருள் வேறு வீட்டுக்குப் போகும் அல்லது பணம் வராது என்பதால், கேள்விகள் குறைவாகவும் சரிபார்ப்பு கடுமையாகவும் இருக்கும். அட்டையின் முதுகில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பற்றி ஒரு செய்தி பலருக்கும் தெரியாது: பணம் செலுத்த அனுமதி கிடைத்த பிறகு வணிக நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று அட்டை நிறுவனங்களின் பொதுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. விண்ணப்பப் படிவங்கள். வேலை, கடன், காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கானவை. இங்கே நிறுவனம் தனக்காக மட்டும் கேட்பதில்லை. தனக்கு மேலே இருக்கும் அரசு அமைப்புகளுக்காகவும் கேட்கிறது. பணமோசடியைத் தடுக்க 1989இல் உருவான எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பின் பரிந்துரைகளை ஒட்டி நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. வாடிக்கையாளர் யார், பணத்தின் மூலம் எது, உயர் அரசியல் பதவியோடு தொடர்பு உண்டா என்ற கேள்விகள் அங்கிருந்து வருகின்றன. கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கு அந்த விடையில் தனிப்பட்ட ஆர்வம் ஏதும் இல்லை. நாளை தணிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

4. கருத்துப் படிவங்கள். இவற்றை அடுத்த பகுதிகளில் தனியே பார்க்கலாம்.

5. உள் படிவங்கள். விடுப்பு, பயணச் செலவு, பொருள் கோரிக்கை, ஆய்வுப் பட்டியல், விபத்து அறிக்கை போன்றவை. வெளியாள் பார்க்காத இவை எண்ணிக்கையில் வாடிக்கையாளர் படிவங்களைவிட அதிகமாகவும் இருக்கக்கூடும்.

6. ஒப்புதல் படிவங்கள். இவை தகவலைச் சேகரிப்பதைவிட அனுமதியைச் சேகரிப்பவை. பிற படிவங்களின் அடியில் ஒரு சிறிய பெட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பதால் தனி வகை என்றே பலரும் கவனிப்பதில்லை.

வாசகர் மாறினால் விடையும் மாறும்

விபத்து அறிக்கைப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். அதை மேலதிகாரிதான் படிப்பார், தவறு யாருடையது என்று தேடத்தான் படிப்பார் என்று ஊழியருக்குத் தெரிந்தால், நடந்ததை அப்படியே எழுத மாட்டார். நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவு செய்யவே மாட்டார். ஆனால் அடுத்த விபத்தைத் தடுக்க உதவுபவை அந்தத் தப்பிய சம்பவங்கள்தான்.

விமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில், விமானியோ கட்டுப்பாட்டு அறை ஊழியரோ தாம் செய்த தவறை எழுதி அனுப்பலாம். அதைப் பெறுவது தண்டனை அளிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து நிர்வாகம் அல்ல, நாசா. எழுதியவரின் பெயரும் முகவரியும் படிவத்தில் தனி ஒரு துண்டில் இருக்கும். அந்தத் துண்டைத் தேதி முத்திரையிட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விபத்தும் குற்றச் செயலும் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. கேள்விகளில் புதுமை ஏதும் இல்லை. வாசகரை மாற்றியதும் பெயரைக் கிழித்துக் கொடுத்ததும்தான் அந்தப் படிவத்தின் பலம்.

படிவத்தின் அமைப்பால் நேர்மையை வரவழைத்துவிடலாம் என்ற ஆசைக்கு எதிரான பாடமும் ஒன்று உண்டு. உறுதிமொழிக்கான கையெழுத்தைப் படிவத்தின் அடியில் வாங்காமல் மேலே வாங்கினால் மக்கள் குறைவாகப் பொய் சொல்கிறார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாகனம் ஓடிய தூரத்தைக் கேட்கும் காப்பீட்டுப் படிவத்தின் தரவு அதில் முக்கியச் சான்றாக இருந்தது. செலவே இல்லாத தீர்வு என்பதால் அது வெகுவாகப் பேசப்பட்டது. பின்னர் 2020இல் ஆய்வாளர்களே அந்த விளைவு மறுபடி கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 2021இல் காப்பீட்டுத் தரவு புனையப்பட்டது என்பதற்கான தடயங்கள் வெளிவர, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. படிவ வடிவமைப்பைப் பற்றிய ஆலோசனைகளில் அந்தக் கையெழுத்து யோசனை எங்காவது எதிர்ப்பட்டால், அதை நம்ப வேண்டியதில்லை.

கட்டத்தின் வடிவமே பாதி விடை

விடைக்கான இடத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டும் என்று நினைப்பது தவறு. வெற்றுக் கட்டம் எதையும் எழுத விடும், ஆனால் எழுதியதை யாராவது உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். வட்டப் பொத்தான் பலவற்றில் ஒன்றை மட்டும் அனுமதிக்கும். டிக் பெட்டி எத்தனை வேண்டுமானாலும் அனுமதிக்கும். கீழ்விரியும் பட்டியல் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் இருநூறு நாடுகளின் பெயர்களுக்குள் ஒருவரைத் தேட வைக்கும். எண்ணிக்கையாக்க வேண்டிய விடைக்கு மூடிய கேள்வியும், இதுவரை கேள்விப்படாத ஒன்றைக் கண்டுபிடிக்கத் திறந்த கேள்வியும் பொருந்தும். "மற்றவை" என்ற தெரிவு இல்லாத பட்டியல், அதில் இடம்பெறாதவரைப் பொய் சொல்ல வைக்கிறது. "மற்றவை" என்பதையே பாதிப் பேர் தேர்ந்தெடுத்தால், பட்டியலைத் தயாரித்தவருக்குத் தம் வாடிக்கையாளரைத் தெரியவில்லை என்று பொருள்.

மிக எளிதாகத் தோன்றும் இரண்டு கட்டங்கள்தான் மிக அதிகமாகத் தொல்லை தருகின்றன. ஒன்று தேதி. 03/04 என்று எழுதினால் சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் 1988இலேயே வந்துவிட்டது. ஆனாலும் எது நாள், எது மாதம் என்று குறிப்பிடாத ஒற்றைக் கட்டங்கள் இன்றும் இருக்கின்றன. இன்னொன்று பெயர். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் கட்டாயமாக்கும் படிவம், ஒற்றைப் பெயரே முழுப் பெயராக உள்ள இந்தோனேசியரை ஒரே பெயரை இரண்டு முறை எழுத வைக்கிறது. இரண்டு குடும்பப் பெயர்கள் வைத்துக்கொள்ளும் ஸ்பானியரின் பெயரில் ஒன்றை விழுங்கிவிடுகிறது. பிறகு அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பத்தை நிராகரிப்பதும் அதே நிறுவனம்தான். பெயரை வாசிக்கப்போவது கடிதத்தில் விளிக்க வேண்டிய ஒரு மென்பொருள் மட்டும் என்றால், ஒற்றைக் கட்டமே போதும்.

சில கட்டங்கள் தட்டச்சு செய்யும் கணமே தவறைக் கண்டுபிடிக்கின்றன. கட்டண அட்டை எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் வங்கியைக் கேட்காமலே "தவறான எண்" என்று திரை சொல்வது எப்படி? ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் உருவாக்கிய ஒரு கணக்கு அதற்குப் பயன்படுகிறது. புரிந்துகொள்ள 1230 என்ற சிறிய எண் போதும்.

1. வலப்பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டாவது, நான்காவது இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். 3 என்பது 6 ஆகும். 1 என்பது 2 ஆகும். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் அதிலிருந்து 9ஐக் கழிக்க வேண்டும்.
2. மற்ற இலக்கங்களான 0, 2 ஆகியவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டினால் 10 வருகிறது.
3. கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி.

யாராவது அவசரத்தில் 1320 என்று இலக்கங்களை மாற்றி அடித்துவிட்டால் கூட்டுத்தொகை 9 ஆகிவிடும், படிவம் மறுத்துவிடும். ஒற்றை இலக்கப் பிழை எதையும் இந்தக் கணக்கு தப்பவிடாது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதையும் ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்துவிடும். 09 என்பதை 90 என்று மாற்றினால் மட்டும் ஏமாந்துபோகும். அட்டை உண்மையானதா, அதில் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது. கைப்பிழையைத் தடுப்பதோடு அதன் வேலை முடிகிறது.

கருத்துக் கேட்கும் படிவங்களில் எண் எப்படி உருவாகிறது

"முற்றிலும் ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து படிகள் கொண்ட அளவுகோலை ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் முன்வைத்தார். மனநிலையை எண்ணாக்க முடிந்ததால் அது நிறுவனங்களுக்குப் பிடித்துப்போனது. "எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரை கேட்கும் முறை 2003இல் ஃபிரெட் ரெய்ச்ஹெல்ட் எழுதிய கட்டுரை வழியாகப் பரவியது. அதில் 9, 10 தருபவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை தருபவர்கள் அதிருப்தியாளர்கள். 7, 8 தருபவர்கள் நடுவில் இருப்பவர்கள்; மொத்த எண்ணிக்கையில் மட்டும் சேர்வார்கள். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து அதிருப்தியாளர் சதவீதத்தைக் கழித்தால் வருவதே மதிப்பெண்.

நூறு பேரில் 50 பேர் ஆதரவாளர், 30 பேர் நடுவில், 20 பேர் அதிருப்தி என்றால் மதிப்பெண் 30. வேறொரு நிறுவனத்தில் 30 பேர் ஆதரவாளர், 70 பேர் நடுவில், அதிருப்தி யாருமில்லை என்றாலும் அதே 30தான். முதல் நிறுவனத்தில் ஐந்தில் ஒருவர் மனக்குறையோடு போகிறார். இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை. மேலாளரின் திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அந்த ஒற்றை எண்ணோடு ஊழியரின் ஊக்கத்தொகையையும் கட்டிவிட்டால், "பத்துக்குப் பத்து போட்டுவிடுங்கள்" என்று ஊழியர் வாடிக்கையாளரிடம் கெஞ்சத் தொடங்குவார். அப்போது அந்தப் படிவம் வாடிக்கையாளரின் திருப்தியை அளப்பதை நிறுத்திவிடுகிறது.

கேள்வியின் சொற்களும் விடையை வளைக்கும். "எங்கள் சேவை விரைவாகவும் மரியாதையாகவும் இருந்ததா?" என்பது இரண்டு கேள்விகள், விரைவாக வந்து எரிந்து விழுந்த ஊழியரைப் பற்றி அதில் பதில் சொல்ல வழியில்லை. "எங்கள் புதிய, மேம்பட்ட செயலி பிடித்திருக்கிறதா?" என்பது விடையைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்கிறது.

இவை அனைத்தையும்விடப் பெரிய சிக்கல், படிவத்தை நிரப்பாதவர்கள். அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் 1936 அதிபர் தேர்தலுக்கு முன் ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டு மாதிரிகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் உரிமையாளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்தது ஒரு பிழை. சீட்டு கிடைத்தவர்களிலும் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தது இன்னொரு பிழை. இன்றைய வாடிக்கையாளர் கருத்துப் படிவங்களுக்கும் இதே நிலைதான்: மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவரும் நிரப்புகிறார்கள், இடையில் இருப்பவர் மூடிவிட்டுப் போகிறார். விடைகளின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் இந்தக் கோணல் சரியாகிவிடாது.

"சமர்ப்பி" பொத்தானுக்குப் பின்னால்

இணையப் படிவத்தின் அடிப்படை உறுப்புகள் இணையப் பக்கங்களை எழுதும் மொழிக்காக 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 தரத்திலேயே இடம்பெற்றுவிட்டன. நிரப்பிய விடைகளை அனுப்ப இரண்டு வழிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. கெட் என்ற வழியில் விடைகள் இணைய முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பிறகு ஒட்டிக்கொண்டு போகும். தேடல் பெட்டிக்கு இது பொருத்தம், ஆனால் உலாவியின் வரலாற்றிலும் சர்வரின் பதிவுகளிலும் அந்த முகவரி தங்கிவிடும் என்பதால் கடவுச்சொல்லுக்கும் மருத்துவ விவரத்துக்கும் பொருந்தாது. போஸ்ட் என்ற வழியில் விடைகள் முகவரியில் தெரியாமல் உள்ளே வைத்து அனுப்பப்படும்.

உலாவி காட்டும் சிவப்பு எச்சரிக்கைகள் நிரப்புபவரின் வசதிக்கானவை. அவற்றைத் தாண்டி எதையும் சர்வருக்கு அனுப்ப முடியும் என்பதால், அதே சரிபார்ப்பை நிறுவனம் தன் சர்வரில் மறுபடி செய்தாக வேண்டும். பொருளின் விலையைக் கண்ணுக்குத் தெரியாத புலமொன்றில் வைத்து அனுப்பிய சில பழைய கடைத் தளங்களில், அந்த விலையைத் திருத்தி அடிமாட்டு விலைக்கு வாங்க முடிந்தது. மறைந்த புலங்களுக்கு நல்ல பயனும் உண்டு. மனிதர் கண்ணுக்குப் படாத ஒரு வெற்றுக் கட்டத்தை வைத்துவிட்டால், அதையும் நிரப்பி அனுப்புவது பெரும்பாலும் தானியங்கி நிரல்தான். அந்த விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். நெளிந்த எழுத்துகளையும் படங்களையும் காட்டி மனிதரா என்று சோதிக்கும் கேப்ட்சா, அதே வேலையை நிரப்புபவரின் தலையில் சுமத்துகிறது.

பொத்தானை அழுத்தினால்தான் தகவல் போகும் என்ற பொது நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. உலகின் முன்னணி ஒரு லட்சம் இணையதளங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஒரு பல்கலைக்கழக ஆய்வில், மின்னஞ்சல் முகவரியைத் தட்டச்சு செய்தவுடனே, சமர்ப்பிக்கும் முன்பே, அதைக் கண்காணிப்பு நிறுவனங்களுக்கு அனுப்பிய தளங்கள் கண்டறியப்பட்டன. ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களும், அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களும் அப்படிச் செய்தன. பல தள உரிமையாளர்கள் பகுப்பாய்வுக்காக வெளியாரின் நிரலைத் தங்கள் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். தங்கள் படிவத்துக்கு இன்னொரு வாசகர் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

சிறு நிறுவனங்களில் கசிவு இவ்வளவு நுட்பமாக நடப்பதில்லை. கூகுள் படிவம் போன்ற கருவிகளில் நிரப்பியவர் பிறருடைய விடைகளின் தொகுப்பையும் பார்க்கலாம் என்ற அமைப்பு ஒன்று உண்டு. விருந்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்க உதவும் அது, புகார்ப் படிவத்தில் தவறுதலாகத் திறந்துவிடப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விடைகளை எக்செல் தாளில் திறக்கும்போது, பூஜ்ஜியத்தில் தொடங்கும் தொலைபேசி எண் அந்தப் பூஜ்ஜியத்தை இழப்பதும், 15 இலக்கத்தைத் தாண்டிய கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாவதும் அன்றாடம் நடப்பவை. நிரப்பியவர் சரியாகத்தான் எழுதினார். வாசகரின் கருவி அதை எண்ணாக வாசித்துவிட்டது.

டிக் பெட்டியும் சட்டமும்

முன்பே டிக் செய்யப்பட்ட பெட்டி ஏன் பெரிய விவகாரமானது என்பதை உடல் உறுப்புத் தானம் பற்றிய 2003ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டுகிறது. மறுத்தால் தவிர ஒப்புதல் உண்டு என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் ஒப்புதல் 99.98 சதவீதம், கேட்டு ஒப்புக்கொண்டால்தான் உண்டு என்று கொள்ளும் அண்டை நாடான ஜெர்மனியில் 12 சதவீதம். இரு நாட்டு மக்களின் மனமும் அவ்வளவு வேறுபட்டிருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலோர் இருந்ததை இருந்தபடி விட்டுவிடுகிறார்கள். விளம்பர மின்னஞ்சலுக்கான பெட்டியை முன்பே டிக் செய்து வைத்த நிறுவனங்களுக்கு இந்த இயல்பு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பிளானெட்49 என்ற நிறுவனம் தன் பரிசுப்போட்டிப் படிவத்தில் குக்கீகளுக்கான (பயனரை அடையாளம் காண உலாவியில் பதிக்கப்படும் சிறு கோப்புகளுக்கான) பெட்டியை முன்பே டிக் செய்து வைத்திருந்த வழக்கில், அது செல்லுபடியாகும் ஒப்புதல் அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. பிரேசில், இந்தியா உட்படப் பல நாடுகள் ஜிடிபிஆருக்குப் பின்னர் தங்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. சொற்கள் வேறுபட்டாலும், இத்தகைய சட்டங்கள் படிவத்தை வடிவமைப்பவரிடம் பொதுவாகக் கேட்பவை இவை:

1. எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கும்போதே சொல்ல வேண்டும். சொன்ன நோக்கத்தைத் தாண்டக் கூடாது.
2. அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே கேட்க வேண்டும்.
3. ஒப்புதலைத் தந்தவர் அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.
4. தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இரண்டாவது விதிதான் வாசகர் இல்லாத கட்டங்களை நேரடியாகத் தொடுகிறது. என்றைக்காவது பயன்படும் என்று சேர்த்த பிறந்த தேதியும், பழைய படிவத்திலிருந்து அப்படியே நகலெடுத்த திருமண நிலையும், முன்பு யாரோ ஒருவர் கேட்டதால் நுழைந்து அவர் போன பிறகும் நீடிக்கும் தொலைநகல் எண்ணும் இந்த வகையைச் சேர்ந்தவை. எந்த முடிவுக்கும் உதவாத அந்தப் புலம், தரவுத்தளம் திருடப்படும் நாளில் மட்டும் மற்றவற்றுக்குச் சமமாக வெளியே போகும்.

நிரப்புபவர் எதைப் பார்க்கலாம்

முதலில் பார்க்க வேண்டியது, கட்டாயக் கட்டத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி. அது இல்லாத கட்டங்களை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் பொதுவாக நிராகரிக்கப்படாது; பலர் அவற்றையும் கடமையாக நிரப்புகிறார்கள். அடுத்தது, கேட்கப்படும் விவரத்துக்கும் கிடைக்கப்போகும் சேவைக்கும் உள்ள தொடர்பு. பார்சல் அனுப்ப முகவரி வேண்டும். மின்னூல் அனுப்ப அது தேவையில்லை. மூன்றாவது, படிவம் யாருடைய தளத்தில் இருக்கிறது என்பது. வங்கியின் பெயர் மேலே இருக்க, முகவரிப் பட்டையில் வேறெதுவோ இருந்தால், அதன் வாசகர் வங்கி அல்ல. எந்த முறையான நிறுவனமும் ஓடிபியையோ வங்கிக் கடவுச்சொல்லையோ ஒரு பொதுப் படிவத்தின் கட்டத்தில் கேட்காது.

அழிக்கும் விஷயத்தில் நிறுவனங்களின் நடைமுறை இன்னும் சட்டத்தின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதப் படிவங்கள் அலமாரியை நிறைத்ததால் எப்போதாவது யாராவது அவற்றைக் கிழித்துப் போட்டார்கள். இணையப் படிவத்தை ஒருவர் சமர்ப்பித்ததும் அதன் ஒரு நகல் தரவுத்தளத்தில் சேர்கிறது, இன்னொன்று அறிவிப்பு மின்னஞ்சலாக இரண்டு மூன்று ஊழியர்களின் பெட்டிக்குப் போகிறது, வேறொன்று வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் பதிகிறது, யாரோ ஒருவர் மாத அறிக்கைக்காகத் தரவிறக்கிய எக்செல் கோப்பில் இன்னொன்று, இரவு நேரக் காப்பு நகலில் மற்றொன்று. "என் விவரங்களை அழித்துவிடுங்கள்" என்று ஒருவர் எழுதிக் கேட்கும்போது, ஊழியர் தரவுத்தளத்தைத் திறந்து ஒரு வரியை நீக்கிவிட்டு, "நீக்கப்பட்டது" என்று பதில் அனுப்புகிறார். அந்த நபரின் பெயரும் எண்ணும் பழைய அறிவிப்பு மின்னஞ்சலில், எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் மூடப்படாத அஞ்சல் பெட்டியில், அப்படியே இருக்கின்றன.